எந்த மஞ்சள்

ஆறு வருஷமாக அவளுக்குப் பனியன் அனுப்புகிறேன்.
பெனெதெத்தா.
பெயரை ஒழுங்காகச் சொல்ல எனக்கு ஒரு சீசன் பிடித்தது.
ஊர் நேப்பிள்ஸ் பக்கம் பொசுவோலி.
எங்கள் அக்கவுண்ட்ஸ் மணியன்
இன்னும் பொள்ளாச்சி என்றே அடிக்கிறார்.

நேற்று வீடியோவில் குழந்தைகள் பனியனுக்குக்
கழுத்து ரிப் பேசிக்கொண்டிருந்தோம்.
அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில்
கண்ணாடி டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
அவள் திரும்பவில்லை.
விரலை மட்டும் தூக்கினாள், இரு என்பதுபோல.
இருந்தேன்.
"அரை சென்டிமீட்டர் அகலம் கூட வேணும்" என்றாள் பிறகு.

பூமியா என்று கேட்டேன்.
பூமிதான் என்றாள்,
தூறலா என்று கேட்டவளுக்குச் சொல்வதுபோல.

மலையைக் காட்டு என்றேன்.
சென்னிமலை உச்சியில் புகை வைத்து
ஒன்றை மனசில் வரைந்திருந்தேன்.
மலை கிடையாதாம்.
வட்டமாய் ஒரு பெரும்பள்ளம்.
அதற்குள்ளேதான் பள்ளிக்கூடம், மீன் மார்க்கெட்,
குதிரைப் பந்தயத் திடல், அவள் வீடு.
வாயைத் திறந்தபடி தூங்குகிற ஒன்றின்
நாக்கின் மேல் ஊர்.

மாசம் ஒன்றரை சென்டிமீட்டர் தரை எழும்புகிறது.
துறைமுகத்தில் படகுகள்
சேற்றில் உட்கார்ந்துவிட்டன.
பழைய சந்தைத் தூண்களில் ஆள் உயரத்துக்கு மேலே
சிப்பி துளைத்த ஓட்டைகள்,
கடலுக்குள் போய்விட்டு
திரும்பி வந்த தூண்கள்.
கதவோரம் ஒரு பை வைத்திருக்கிறாள்.
டார்ச், பாஸ்போர்ட், மகளுடைய செருப்பு.
மகள் வளர வளர
செருப்பை மட்டும் மாற்றுகிறாளாம்.

"இப்ப என்ன நிலைமை?"
"மஞ்சள்.
பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நாலு படி.
பத்து வருஷத்துக்கு மேலாக மஞ்சள்."

எந்த மஞ்சள் என்று கேட்டுவிட்டேன்.
பழகிய வாய்.
என் மேசையில் எலுமிச்சை, சோளம், முட்டைக்கரு,
ஆவாரம்பூ என்று பதினேழு மஞ்சள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்.
ஒரு துளி சிவப்பு கூடிப்போனால்
லேப் ராக்கியப்பன் துணியை நீட்டிச் சொல்வார்:
"அம்மிணி, இது மஞ்சளே இல்ல,
ஆரஞ்சுக்குக் கெளம்பீருச்சு."
எப்போது கிளம்பியதென்று அவருக்கும் தெரியாது.
விளக்குப் பெட்டிக்குள் வைத்தால்தான் தெரியும்.

சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் மஞ்சளையும் சொன்னேன்.
ஈரோட்டில் அது விலை.
கழுத்தில் அது கயிறு.
தபாலில் வந்தால் மஞ்சக் கடுதாசி.
காங்கயம் ரோட்டில் மூன்று கம்பெனி அப்படித்தான் மூடினது.
முந்தின நாள் வரை மிஷின் ஓடியது,
பதினோரு மணிக்கு டீ வந்தது, கூடவே வடை.
ஒருத்தருக்கும் டம்ளர் ஆடவில்லை.

அந்த ஊரை விட்டுப் போயிடலாமில்ல
என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் அவள் கேட்டாள்,
உன் ஜன்னலில் என்ன தெரிகிறது?

போனைத் திருப்பினேன்.
சாயப்பட்டறை பாய்லர்.
மதிலுக்கு அந்தப் பக்கம்,
என் நாற்காலியிலிருந்து நாற்பதடி.
சிவப்புக் கோட்டைத் தொட்டுத் தொட்டு
இறங்குகிற கேஜ் முள்.
சல்பர் கறுப்பு ஓடுகிற நாளில்
அவள் ஊர்க் காற்றில் உள்ள அதே
அழுகின முட்டை நாற்றம் எங்களுக்கும் உண்டு.

"அங்கிருந்து போயிடலாமில்ல?" என்றாள்.

விரலைத் தூக்கினேன், இரு என்பதுபோல.
கீழே கட்டிங் மாஸ்டர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ராத்திரி வீட்டில்
மேசை விளிம்பில் இருந்த டம்ளரை
உள்ளே தள்ளி வைத்தேன்.
வெசனமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா.

காலையில் பால்காரன் மணியோடு அவள் செய்தி:
மஞ்சள் சரி. மொத்தத்தையும் ஓட்டலாம்.
அவள் ஊரில் அப்போது
ராத்திரி இரண்டு.